இடக்கைப் பக்கம் கடல்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பழவேற்காட்டில் பிறந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அங்கே ஏரியே ஓரிடத்தில் உட்காருவதில்லை. ஐப்பசி மழையில் வாசல் வரை வந்து எட்டிப் பார்க்கும். வைகாசி வெயிலில் அடிவானத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். முகத்துவாரம் ஒரு வருடம் வாய் திறந்திருக்கும், மறு வருடம் மணலைக் கவ்விக்கொண்டு மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊர்க்காரி, நாற்பதைத் தாண்டி இத்தனை வருடம் டீச்சராக ஒரே மத்திய அரசுப் பள்ளிக்கூடம், ஒரே பேருந்து, ஒரே கரும்பலகை என்று கிடந்துவிட்டு, ஒரு நாள் இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டேன். எந்த ஊர் வேண்டும் என்று கேட்டிருந்த இடத்தில் நாட்டின் மறுகரையை எழுதினேன். கொடுத்துவிட்டார்கள். கார்வாருக்குப் பக்கத்தில், ஆறு ஒன்று கடலில் போய் விழும் சின்ன ஊர்.

என் வீட்டுக்காரர் திருப்பாலைவனத்து நெல் குடும்பம். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறார். ஒரு நாள் நெல் மூட்டை, ஒரு நாள் ஐஸில் இறால். விஷயத்தைச் சொன்னபோது, "வண்டி எங்க ஓடுனா இன்னா, டீசல் ஊத்துனா ஓடப்போவுது" என்றார். அதோடு அவர் முடித்துக்கொண்டார்.

அம்மாதான் முடிக்கவில்லை.

அம்மா மீன்காரி. நைனா, என் அப்பா, செத்துப்போன பிறகும் குப்பத்து வீட்டில் தனியாக இருந்து, விடியலில் கரைக்குப் போய் மீன் எடுத்து, பொன்னேரி சந்தையில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புகிறவள். போன மார்கழியில் சந்தையிலேயே மயங்கி விழுந்தாள். விழுந்த கையோடு எழுந்து மிச்ச மீனையும் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள் என்பது வேறு விஷயம். நான் ஒரே மகள். அவளைத் தனியாக விட்டுவிட்டு நாட்டின் மறுகரையில் என்னால் சோறு தின்ன முடியாது. அம்மா வந்தால் நான் போகலாம். அம்மா திரும்பினால் நானும் திரும்ப வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்:

"வந்து பாக்கறேன். புடிக்கலன்னா ரயிலேறிடுவேன். அனுப்பம்பட்டுல எறங்கத் தெரியாதா எனக்கு?"

வண்டியில் கட்டில், பீரோ, கிரைண்டர், என் புத்தக மூட்டைகள் எல்லாம் ஏறின. அம்மாவின் சாமான் ஒரு துணிப்பை, இரண்டு புடவை. அப்புறம் ஒரு பழைய புடவையில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய அருவாமனை. அதைப் பின்னால் வைக்க விடவில்லை. "அது எங்கூடத்தான் வரும். எங்கூடத்தான் திரும்பும்" என்று காலடியில் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவிழ்க்கிற எண்ணத்தில் போட்ட முடிச்சாக அது தெரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எந்த வழியாகப் போவது என்று பேச்சு வந்தது.

"நாலு வழிச் சாலை. பெங்களூரு, ஹூப்ளி, அப்படியே எறங்குனா கார்வார்" என்றார் வீட்டுக்காரர். "நடுவுல ஒரு ராத்திரி தூங்கறோம். ரெண்டாம் நாள் போய் நிக்கறோம்."

"இன்னாத்துக்கு மாப்ள நாட்டுக்குள்ள பூந்து போவணும்?" என்றாள் அம்மா. "கரையோரமாவே வுடு வண்டிய. கடலு இடக்கைப் பக்கமே இருக்கட்டும். போய்க்கினே இருந்தா ஊரு வந்துடப்போவுது."

"அத்த, அப்படிப் போனா கன்னியாகுமரியச் சுத்திக்கினு போவணும்."

"சுத்து. நாடு இன்னா உன் வயல் வரப்பா, குறுக்க தாண்டறதுக்கு?"

நான் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து விரலால் கரையை ஒட்டிப் போய்ப் பார்த்தேன். தெற்கே இறங்கும்போது கடல் இடது பக்கம். குமரியில் திரும்பி வடக்கே ஏறும்போதும் கடல் இடது பக்கம்தான். அம்மா சொன்னது சரி. தூரம்தான் எங்கேயோ போய் நின்றது. கரைவிட்டு விலகாதவன் வழி தவற மாட்டான் என்று நம்புகிற ஜனம் நாங்கள். எங்களைத் தவிர யாரும் இப்படி ஒரு வழியைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் வழி மூன்றாவது. அதை வரைபடத்திலிருந்த நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நான் கோத்து வைத்திருந்தேன். ஒரு கால்வாய், ஒரு ஏரி, ஒரு அணை, பென்னாறு, துங்கபத்திரை, கடைசியில் ஷராவதி. கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடலுக்கு, ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குத் தாவித் தாவி. நாட்டைப் பார்க்காமலே குறுக்காகக் கடப்பது எனக்குப் பொறுக்காது.

"இது வழியா? தட்டாம்பூச்சி போற மாதிரி கீது" என்றார் வீட்டுக்காரர்.

மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தால் தீர்த்துக்கொள்ள எங்கள் குப்பத்தில் ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல விழாது. அதனால் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். உன் பாடு வந்த இடம் மறுநாள் விடியும் வரை உன்னுடையது. வலை கிழியக் கிழிய வந்தாலும் உன் பாடு, வெறும் பாசி வந்தாலும் உன் பாடு. யாரும் முணுமுணுக்கக் கூடாது. சீட்டில் பெயர் எழுத வேண்டுமானால் ஆணாக இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்; அப்படிப்பட்டவனைத் தலைக்கட்டு என்பார்கள். நைனாவுக்கு மகன் இல்லை. அவர் போனதும் எங்கள் வீட்டுப் பெயர் சீட்டிலிருந்து போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடித்து வளர்ந்தவள் நான். அந்த ஏரியின் அடிமண் என் நகக்கண்ணில் இருந்தது. ஆனாலும் எந்தச் சீட்டிலும் என் பெயர் இருந்ததில்லை.

"சீட்டு போடுங்க" என்றாள் அம்மா.

"யார் பேர்லம்மா?"

"மூணு பேரு பேர்லயும். இந்த வண்டில நீ ஒரு தலைக்கட்டு, நான் ஒரு தலைக்கட்டு, நெல்லுக்காரரு ஒரு தலைக்கட்டு."

"உங்க ஊரு ஆம்பளைங்க கேட்டா சிரிப்பாங்க அத்த."

"சிரிக்கட்டும். அவுங்க வண்டியா இது?"

மூன்று சீட்டு எழுதி, சுருட்டி, சோற்றுக் குண்டானில் போட்டுக் குலுக்கினோம். அம்மாவே எடுத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது; அதனால் அவள் கை ஏமாற்றாது என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். எடுத்த சீட்டை அவரிடம் நீட்டினாள். அவர் பிரித்தார், படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"தட்டாம்பூச்சிதான்" என்றார்.

என் பெயர். கணக்கு நோட்டிலிருந்து கிழித்த துண்டுத் தாளில், கோணல் மாணலான எழுத்தில். பத்திரிகைகளுக்கு நான் எழுதும் கவிதைகள் அச்சான பக்கங்களில் அந்தப் பெயரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை. எனக்குப் பாடு வந்துவிட்டது. பழவேற்காட்டிலிருந்து மேற்குக் கடல் வரை, இந்தத் தேசத்தின் அகலம் முழுக்க என் பாடு.

"ரொம்ப ஆடாத" என்றாள் அம்மா. "உன் வழிலயே வரேன். ஆனா சாயங்காலம் ஆனா எனக்குத் தண்ணி காட்டணும். கால நனைக்காம எனக்குச் சோறு எறங்காது. ஒரு நாள் காட்டலன்னா, மறுநாள் காலைல ரயிலு."

மறுநாள் விடியலில் கிளம்பினோம். இடக்கைப் பக்க ஜன்னலோரம் அம்மா, நடுவில் கியர் முழங்காலில் இடிக்க நான், வலப்பக்கம் வீட்டுக்காரர். அம்மாவின் காலடியில் அருவாமனை. பொன்னேரி கழிந்தது, ஊத்துக்கோட்டை கழிந்தது. நாகலாபுரத்து மலைகள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு விலகின. திருப்பதியை அம்மா வண்டியில் இருந்தபடியே கும்பிட்டாள். ராஜம்பேட்டைப் பக்கம் மாந்தோப்புகள், சாலையோரம் குவித்த பழம், அதன்மேல் மொய்க்கும் தேனீக்களின் இரைச்சல். நான் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "எங்களுக்கும் கண்ணு கீது" என்றார் வீட்டுக்காரர். கடப்பை தாண்டி ஒரு பழைய ஏரிக்கரையில் வண்டி நின்றபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. அம்மா படியிறங்கிக் காலை வைத்தாள். விரல்களை அசைத்துப் பார்த்தாள்.

"உப்பு இல்ல" என்றாள். "இருந்தாலும் தண்ணிதான்."

ஒரு நாளை வென்றுவிட்டேன்.

மறுநாள் நிலம் நிறம் மாறியது. சிவப்பு, அப்புறம் கறுப்பு, அப்புறம் வெறும் பாறை. யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி உருண்டைக் கற்கள் குன்று குன்றாகக் கிடந்தன. ஓர் இடத்தில் எங்கள் சின்னச் சாலையை நாலு வழிச் சாலை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. கறுத்து, பளபளத்து, காலியாக. வீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பசித்தவன் சாப்பாட்டுக் கடையைப் பார்ப்பது போல.

"ஏறிடலாமா?"

"பாடு யாருது?" என்றேன்.

கியரைப் போட்டார்.

அன்றைக்கு நான் குறித்து வைத்திருந்தது அனந்தபுரம் தாண்டி ஒரு பெரிய ஏரி. வரைபடத்தில் அவ்வளவு நீலமாக இருந்தது. நல்ல அகலம், எங்கள் ஏரியின் தங்கை என்று மனதுக்குள் பெயர்கூட வைத்திருந்தேன். சூரியன் சாய்கிற நேரத்தில் கரைமேல் ஏறினோம்.

தண்ணீர் இல்லை.

கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சேறு, காய்ந்த புல், ஆடுகள். வரைபடத்தை மறுபடி பார்த்தேன். அதில் நாங்கள் நீலத்தின் நடுவில் ஒரு புள்ளியாக மிதந்துகொண்டிருந்தோம்.

அம்மா இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வைகாசில நம்ம ஏரி எங்க கீதுன்னு உனக்குத் தெரியாது?" என்றாள் மெதுவாக. "ஏரில பொறந்தவ, போய் நீலத்த நம்பிட்ட."

பள்ளிப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு வரைபடம் சொல்லிக் கொடுத்தவள் நான். தண்ணீர் போய் வரும் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவளும் நான்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஏமாந்திருந்தோம்.

"மாப்ள, இங்க கிட்டத்துல ரயிலு ஸ்டேஷன் எங்க கீதுன்னு பாரு."

வீட்டுக்காரர் கைபேசியை எடுத்தார். எடுத்தவர் அதைத் திறக்காமல் என்னைப் பார்த்தார். இரண்டு நாளாக என் வழியைக் கிண்டல் செய்தவர், அந்த நிமிடம் நான் ஏதாவது சொல்லமாட்டேனா என்று காத்திருந்தார்.

"யம்மா" என்றேன். "பாடு எப்ப முடியும்?"

"இன்னா?"

"ஒருத்தன் பாடு எப்ப முடியும்? பொழுது சாஞ்சா முடிஞ்சிடுமா?"

அம்மா என்னை முறைத்தாள். முறையை மீறிப் பேச அவளுக்கு வராது. "விடிஞ்சாதான் முடியும்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப இன்னும் என் பாடுதான். மொத வலை காலியா வந்தா கரைக்கு வந்துடுவாங்களா? இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கமாட்டாங்க?"

சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கம் ஏறினேன். மூட்டைகளைத் தாண்டி, பீரோவைப் பிடித்துக்கொண்டு, கட்டில் சட்டத்தின்மேல் ஏறி நின்றேன். நாற்பது வயதுக்கு மேல் பெண்கள் இப்படியெல்லாம் ஏறக்கூடாது என்று கீழே யாரோ சொன்னது கேட்டது. காற்று புடவையை அடித்தது. நான் வரைபடத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் வற்றிய நாட்களில் எல்லாரும் செய்வது அதுதான். கொக்குகள். ஒன்று, இன்னொன்று, பிறகு ஒரு கூட்டம், எல்லாம் ஒரே பக்கமாக, ஏரியின் வடமேற்கு மூலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. மரத்துக்குப் போகிற கொக்கு உயரமாகப் பறக்கும். இவை தாழப் பறந்தன, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"அங்க" என்று கையைக் காட்டினேன். "எறங்குதுங்க. தண்ணி அங்க கீது."

"ஏரிக்குள்ள வண்டிய வுடச் சொல்றியா?" என்றார் வீட்டுக்காரர்.

சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்ச் சேற்றைக் காலால் அழுத்திப் பார்த்தார். குனிந்து ஒரு கட்டியை உடைத்து விரலில் தேய்த்தார். பத்தடி நடந்து இன்னோர் இடத்தில் குதித்துப் பார்த்தார். "ஆடு போன தடத்துமேலயே போனா தாங்கும். பச்சப் புல்லு கண்ட எடத்துல நிறுத்திடுவேன். அதுக்கு மேல நடக்கணும்." ஐந்து தலைமுறை சேறு மிதித்த குடும்பம், மண் விஷயத்தில் அவர் வாக்கை நான் சந்தேகிப்பதில்லை.

வண்டி ஏரிக்குள் இறங்கியது. கிரைண்டர் குதித்தது, பீரோக் கதவு அடித்துக்கொண்டது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கல்யாணமே வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள். எந்தக் கல்யாணம் என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. பச்சைப் புல் வந்தது. வண்டி நின்றது. நாங்கள் நடந்தோம், ஓடினோம் என்றுகூடச் சொல்லலாம், வெளிச்சம் போவதற்குள்.

மதகுக்குப் பக்கத்தில், பாறைக்குக் கீழே, வானத்தில் மிச்சமிருந்த சிவப்பு அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு கிடந்தது தண்ணீர். ஏரி சுருங்கிச் சுருங்கி அங்கே வந்து ஒளிந்திருந்தது. சுற்றிலும் கொக்குகள். நடுவில் வட்டமாக ஒரு பரிசல், அதில் இரண்டு பேர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா செருப்பைக் கழற்றக்கூட இல்லை. நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள். கணுக்கால், முழங்கால். அங்கிருந்தே பரிசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏம் சேப்பலு, நைனா?"

என்ன மீனப்பா என்று தெலுங்கில் கேட்கிறாள். எங்கள் எல்லை ஊர்த் தெலுங்கு. சூலூர்ப்பேட்டை வியாபாரிகளோடு சண்டை போட்டுக் கற்றது. பரிசல்காரர்கள் திகைத்துப்போய், ஏரிக்குள் எங்கிருந்து முளைத்தாள் இந்தப் பொம்பளை என்று பார்த்தார்கள். பிறகு கரைக்கு வந்து ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார்கள். அம்மா செவுளைத் திறந்து பார்த்தாள், முகர்ந்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பேரம் தொடங்கினாள். அவள் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டபடி நான் தண்ணீருக்குள் நின்றேன். பொன்னேரி சந்தை அப்படியே அந்தப் பாறைக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த மீனை அவர்களே பாறைமேல் சுத்தம் செய்து கொடுத்தார்கள், அவர்கள் கத்தியால். அருவாமனை முடிச்சு அவிழவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அம்மா சொன்னாள்: "மொத வலை காலி. ரெண்டாவது வலைல விராலு. உங்க நைனாவுக்கே அப்படி விழுந்ததில்ல."

அதற்குப் பிறகு வழி என்னுடையதாகிவிட்டது. மறுநாள் துங்கபத்திரை அணைக்கட்டில் நின்றபோது, கோடையில் இளைத்திருந்தும் மறுகரை தெரியாத அந்தத் தண்ணீரைப் பார்த்து வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார். "இத நாலு வழில போயிருந்தா பாத்திருக்கமாட்டோம்." நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நெடுநேரம் மறுபக்கம் திரும்பி நின்றேன். சாயங்காலம் ஷராவதியின் தேக்கத்துக்கு வந்தோம். காடு தண்ணீர் வரை இறங்கி வந்து நின்றது. முங்கிப்போன மரங்களின் உச்சிகள் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா காலை நனைத்துக்கொண்டிருக்கும்போதே கோடை மழை கொட்டியது. மேலே இருந்தும் தண்ணீர், கீழே இருந்தும் தண்ணீர். மூன்று பேரும் ஓடவில்லை. நனைந்தபடி நின்றோம்.

கடைசி நாள் வண்டி மலை இறங்கியது. வளைவுக்கு வளைவு பாக்கு மரங்கள், ஈர மண், மூடுபனி. ஆறு எங்கள் பக்கத்திலேயே அகன்று அகன்று வந்தது. காற்றில் முதலில் உப்பு தெரிந்தது. அம்மா மூக்கை உறிஞ்சினாள். ஹொன்னாவரத்தில் வண்டி வலப்பக்கம் திரும்பி, வடக்கே போகையில் இன்னோர் ஆற்றுப் பாலத்தின்மேல் ஏறியது. ஏறியதும் இடக்கைப் பக்க ஜன்னலில், அம்மாவின் ஜன்னலில், ஆறு கடலில் கலக்கும் வாய் முழுசாகத் திறந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

"நான் இன்னா சொன்னேன்? இடக்கைப் பக்கம்."

"நீங்க சொன்ன வழில நாம வரல அத்த."

"எந்த வழில வந்தா இன்னா? கடலு எந்தப் பக்கம் கீது? சொல்லு. எந்தப் பக்கம் கீது?"

"இடக்கைப் பக்கம்" என்று ஒப்புக்கொண்டார் அவர். அவள் ஜெயித்துவிட்டாள். நானும் ஜெயித்திருந்தேன். தோற்றவர் ஒருவர்தான், அவர் விசிலடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

புது ஊருக்குள் நுழைந்து சாமான்களை இறக்குவதற்குள் அம்மாவைக் காணோம். கரையில் இருந்தாள். சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அறுபது வருடம் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்தவள், முழங்கால் அலையில் நின்று அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கரைல எட்த்துக் குடுக்கறாங்க" என்றாள். "இங்க வாங்கி வெச்சிக்கறாங்க."

திரும்பும் வழியில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்களிடம் நின்றாள். பாஷை கிடையாது. செவுளைத் திறந்து காட்டித் தலையை ஆட்டினாள். அந்தப் பெண் அதே செவுளைத் திறந்து காட்டித் தன் தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் அவரவர் பாஷையில் திட்டிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு கொத்து அயிலை மீன் கைக்கு வந்தது.

வீட்டில் இன்னும் விளக்குகூடச் சரியாகப் போடவில்லை. சமையலறைத் தரையில் அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். பழைய புடவை அவிழ்ந்தது. அருவாமனையை நிமிர்த்தி வைத்து, கட்டைமேல் காலை மடக்கி அழுத்திக்கொண்டு, முதல் மீனின் தலையை எடுத்தாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரர்தான், கட்டில் காலைத் தோளில் சுமந்தபடி வாசலில் இருந்து கேட்டார்: "அத்த, நாளைக்குக் காலைல யாரு பாடு? சீட்டு போட்டுடலாமா?"

"சீட்டெல்லாம் வேணாம்" என்றாள் அம்மா, செதில் தெறிக்க. "அந்தப் பொம்பள எப்ப கடை வைக்கிறான்னு பாக்கணும். நாளைக்கு என்னுது."